பொட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு கார் திரும்பினால், அது எந்தப் படலையில் நிற்கப்போகிறது என்று பார்க்காமல் யாரும் தங்கள் வேலையைத் தொடர்வதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசற்படலைகள். முதலாவது கனகலிங்கத்தின் வீடு. மாபிள் பதித்த நிலம், ஏசி பூட்டிய அறை, அறையோடு சேர்ந்த குளியலறை. இரண்டாவது அவனுடைய தங்கை பிரேமிளாவின் காணி. அதில் அவள் இருக்கும் சின்ன வீடும், வந்து தங்குகிறவர்களுக்கென்று கட்டிய, சாணம் மெழுகிய ஒரு மண்வீடும் உண்டு. வற்றாப்பளை அம்மனிடம் வருகிறவர்களும் நந்திக்கடலில் பறவை பார்க்க வருகிறவர்களும் இரண்டு வீட்டுப் படங்களையும் போனில் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு இரண்டாவது படலைக்குப் போகிறார்கள்.

இத்தனைக்கும் இந்தத் தொழிலை ஒழுங்கைக்குள் கொண்டுவந்தவள் கனகலிங்கத்தின் மனைவி சுதர்சினிதான். அவள் அறை கட்டி, படம் எடுத்துப் போட்டு, முதல் ஆட்கள் வந்து தங்கிப் போகும்வரை பிரேமிளா கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தொடங்கினாள். தொடங்கும்போதே, நாய் பூனை கொண்டுவரலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துப் போட்டாள். அந்த வரிதான் தன்னைக் கவிழ்த்தது என்பது சுதர்சினியின் முடிவு. அவள் முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே நாய் என்றால் முற்றத்தில் கிடக்கும், மிஞ்சின சோற்றைத் தின்னும், ஆள் வந்தால் குரைக்கும். நாயைப் பற்றி அதற்குமேல் யோசிக்க ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை. கொழும்பில் இருந்து வருகிறவர்களோ நாயைப் பின் சீட்டில் இருத்தி, அதற்கென்று மெத்தையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்தார்கள். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் அதை எப்படி விடுவது? விடமாட்டேன் என்று அவள் வீம்பாக நின்றாள். கார்கள் அவள் படலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அவளுடைய பொறாமையை ஒழுங்கைக்கே தெரியும். முற்றம் கூட்டிக்கொண்டிருப்பவள் திடீரென்று விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் எத்தனை பேர் கதைக்கிறார்கள் என்று காது கொடுப்பாள். பிரேமிளா சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

இரண்டு காணிக்கும் நடுவே கிளுவந்தடிகளைக் கதியாலாக நட்டு ஓலை கட்டிய வேலி. எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லை வேலியில் பாதியை ஒருவர் அடைக்க வேண்டும், மிச்சப் பாதியை மற்றவர். கனகலிங்கத்தின் பாதியில், கிணற்றடிக்குக் கிட்ட, இரண்டு கதியாலுக்கு நடுவில் ஓலை விலகி ஒரு பொட்டு இருந்தது. குனிந்தால் ஒரு ஆள் அதற்குள்ளால் நுழைந்துவிடலாம். வயலுக்குப் போகுமுன் கனகலிங்கம் அதற்குள்ளால் போய்த் தங்கையிடம் தேத்தண்ணி குடிப்பான். மகள் யதுர்ஷிகா பள்ளிக்கூடத்தால் வந்து, சட்டையை மாற்றியதும் அதற்குள்ளால் மாமியிடம் ஓடுவாள். சுதர்சினி மட்டும் அதற்குள் தலை வைத்ததில்லை. போகவேண்டி வந்தால் ஒழுங்கையால் சுற்றிப் படலையால்தான் போவாள். அதுவும் நல்லநாள் பெருநாளுக்குத்தான்.

பிரேமிளாவின் புருசன் கடைசிச் சண்டைக்குள் உயிர் போனவன். பிள்ளைகள் இல்லை. தனியாக இருக்கிறவளிடம் இரண்டு பேர் போய் வருவதில் என்ன பிழை என்று கனகலிங்கம் கேட்பான். பிழையில்லை என்று சுதர்சினிக்கும் தெரியும். தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை.

அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன் சோளகக்காற்று பேயாக அடித்து, பிரேமிளாவின் மண்வீட்டுக் கூரையைப் பிரித்துப்போட்டது. கிடுகு வந்து வேய்ந்து முடிக்கப் பொங்கல் கழிந்துவிடும். பொங்கலுக்கென்று சர்மினி என்ற பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். கொழும்பில் வங்கியில் வேலை. புருசனையும் புறூனோ என்ற மண்ணிற நாயையும் கூட்டிக்கொண்டு முன்பும் பிரேமிளாவிடம் வந்து தங்கிப் போனவள்.

காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் திரும்பி வந்த கனகலிங்கம் செய்தியைக் கொண்டுவந்தான்.

“சர்மினி ஆக்களை இந்தமுறை எங்கட அறையில விடச்சொல்லித் தங்கச்சி சொன்னவள்.”

“தனக்கு ஏலாமப் போனதை எனக்குத் தாறாவோ?”

“கூரை இல்லாத வீட்டில ஆக்களை எப்பிடி விடுறது? வேண்டாமெண்டா வேண்டாமெண்டு சொல்லு.”

சுதர்சினி வேண்டாமென்று சொல்லவில்லை. பிச்சை போட்டதுபோல இருந்தாலும், வந்த ஆட்களை விட மனமில்லை. அன்று முழுவதும் குசினிக்கும் கிணற்றடிக்குமாக நடந்தபடி அவள் ஒன்றைத்தான் நினைத்தாள். போகும்போது அந்தப் பெண் படலையில் நின்று, இனி உங்களிடம்தான் வருவோம் அக்கா என்று சொல்ல வேண்டும். அது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும்.

முல்லைத்தீவுக்குப் போய் நாய்க்கென்று புதுக் கோப்பையும் ஒரு கால்மிதியும் வாங்கி வந்தாள். நாய் அறைக்குள்ளும் வரலாம் என்று தானே போனில் சொன்னாள். சொன்ன வாய் காயுமுன் சாமியறைக் கதவைச் சாத்தித் துணியால் கீழ் இடைவெளியையும் அடைத்தாள். அம்மனுக்கு நோன்பு பிடிக்கிற கிழமை, மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதையும் சொல்லி வைத்தாள். சர்மினி மறுக்கவில்லை. நாய்க்குப் பையில் அடைத்த சாப்பாடு இருக்கிறது, தயிர்ச்சோறும் தின்னும் என்றாள். அதற்குப் பிறகு சுதர்சினி வாளியில் தண்ணீர் எடுத்து, நிலம் கழுவும் மருந்தை மூடியால் அளக்காமல் அப்படியே சரித்து ஊற்றினாள். அதற்குமேல் ஒரு பிடி மஞ்சளும் போட்டாள். நாய் மிதிக்கிற நிலம் துடக்கில்லாமல் இருக்க வேண்டும், வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்காமலும் இருக்க வேண்டும். வீடு ஆஸ்பத்திரி வாட்டுப்போல மணந்தது.

அவர்கள் வந்தது மத்தியானத்துக்குப் பிறகு. வழியில் வாங்கிய பாலைப்பழத்தைத் தின்று சர்மினிக்கு உதடு ஒட்டிப்போயிருந்தது. சிரிக்க முடியாமல் சிரித்தாள். நாய் காரால் குதித்தது. விறாந்தைப் படியில் முன்னங்காலை வைத்தது, நிலத்தை மணந்தது, தும்மியது. பிறகு யாரையும் பார்க்காமல் வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்கு ஓடி, பொட்டுக்குள்ளால் மறைந்தது.

அந்தப் பக்கத்தில் பிரேமிளாவின் குரல் கேட்டது.

“ஆரிது, புறூனோவோ? என்னைத் தேடியோ வந்தனி?”

இந்தக் குரலில் அவள் தன்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை என்று சுதர்சினிக்குப் பட்டது. புதுக் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றாள்.

அந்தக் கிழமை முழுக்க இதே கூத்துத்தான். சுதர்சினி விடிய எழும்பிப் புட்டு அவித்தாள், முருங்கையிலை வறுத்தாள், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள். சர்மினியும் புருசனும் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நாய் அவள் வைத்த கோப்பையை மணந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்து அறைக்குள் விட்டால் தும்மும். கதவைச் சுரண்டும். திறந்ததும் ஓடும். அது நடந்த இடமெல்லாம் சுதர்சினி பின்னாலேயே வாளியும் துணியுமாகப் போய்த் துடைப்பாள். துடைக்கத் துடைக்க அது வீட்டுக்குள் வருவது குறைந்தது. அதைத் தேடிக்கொண்டு சர்மினியும் பொட்டுக்குள்ளால் போவாள். போனவள் உடனே வரமாட்டாள். மண்வீட்டு நிழலில் பாயைப் போட்டு, பிரேமிளாவோடு கதைத்துக்கொண்டு இருப்பாள். ஏசி அறை வெறுமையாக ஓடிக்கொண்டிருக்கும்.

புருசன் போகிறான், மகள் போகிறாள், வந்த ஆட்களும் போகிறார்கள், இப்போது நாயும் போகிறது. அவள் வீட்டில் இல்லாத என்ன அங்கே இருக்கிறது? யோசித்து யோசித்து ஒரு விடை கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் நெஞ்சு குளிர்ந்தது.

“உங்கட தங்கச்சி அம்மாளின்ர கிழமையில மச்சம் காய்ச்சுறா. கோழி அவிச்சுக் குடுத்துத்தான் நாயை இழுக்கிறா.”

லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கனகலிங்கம் நிமிர்ந்தான். அவன் லேசில் கோபப்படுகிறவன் இல்லை.

“நீ பாத்தனியோ?”

“பாக்கவேணுமோ? அப்ப அது ஏன் அங்க போகுது?”

“அதை நாயிட்டக் கேள். இந்தக் கதையை ஒழுங்கைக்க விட்டியெண்டா நான் உன்னோட கதைக்கமாட்டன்.”

வற்றாப்பளையில், அதுவும் பொங்கல் கிழமையில், ஒரு வீட்டில் மச்சம் வேகிறது என்று சொல்வது சின்னக் கதையில்லை. போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் போவதென்றால் பொட்டுக்குள்ளால் குனிய வேண்டும். அவள் குனியவில்லை.

பொங்கல் திங்கட்கிழமை வந்தது. காலையிலிருந்தே பெருந்தெருவில் சனம் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்தது. கற்பூரச்சட்டி, பாற்செம்பு, கச்சான் கடலை வியாபாரிகளின் கூப்பாடு, தண்ணீர்ப்பந்தல் ஒலிபெருக்கி. மத்தியானத்தோடு கனகலிங்கம் சர்மினியையும் புருசனையும் மகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். நாயை விறாந்தைத் தூணில் கட்டிவிட்டுப் போனார்கள். சுதர்சினி மோதகம் அவித்து எடுத்துக்கொண்டு பொழுதுபடப் போவதாக இருந்தாள்.

எல்லாரும் போனதும் அவள் கொட்டிலுக்குப் பின்னால் போனாள். முன்பு ஆமிக் காம்ப் இருந்த காணியை விட்டபோது கனகலிங்கம் அள்ளிக்கொண்டுவந்த முள்ளுக்கம்பி அங்கே சுருளாகக் கிடந்தது. அதைத் தடியால் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். பொட்டு அவர்களுடைய பாதி வேலியில்தானே இருக்கிறது? தன் வேலியைத் தான் அடைப்பதை யார் கேட்பது? கம்பியை இரண்டு கதியாலுக்கும் நடுவே வளைத்து வளைத்துக் கட்டினாள். வடிவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதன்மேல் ஒரு பழைய ஓலையைத் தொங்கவிட்டாள். இனி ஒருவரும் போகமாட்டார்கள். முகம் கழுவிக்கொண்டு குசினிக்குள் போய் மாப்பிசைந்தாள். பல நாளுக்குப் பிறகு கை சுகமாக ஓடியது.

அப்போதுதான் ஒழுங்கை வாசலில் தூக்குக்காவடி வந்தது. உழவு இயந்திரத்தின் முன்னால் ஒருவன் முதுகில் செடில் கொக்கிகள் குத்தித் தொங்கினான். பின்னால் மேளம். யாரோ சீனவெடிக் கட்டு ஒன்றைக் கொளுத்தித் தெருவில் எறிந்தார்கள்.

நாய் தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்துப் பட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடியதைச் சுதர்சினி குசினி யன்னலால் கண்டாள். அது கிணற்றடிப் பக்கமாகத்தான் ஓடியது. பழகிய வழி, ஓலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அவள் மாக்கையோடு வெளியே வருமுன் அது கத்திய கத்தல் மேளத்துக்கு மேலால் கேட்டது.

கம்பிக்குள் பாதி உடம்பு போய் மாட்டியிருந்தது. உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் முள் இன்னும் ஏறியது. தோளில் தசை விலகி இரத்தம் வழிந்தது. சுதர்சினி பின்காலைப் பிடித்து இழுக்கப் போனாள்.

“இழுக்காதேங்கோ மச்சாள்.” பிரேமிளா அந்தப் பக்கம் முழங்காலில் இருந்தாள். “கழுத்தைக் கட்டிப் பிடியுங்கோ. அது அசையாம நிண்டா நான் கம்பியை எடுப்பன்.”

சுதர்சினி சேற்றில் இருந்தாள். கையை நீட்டி நாயின் தலையைத் தன் மடியோடு அணைத்துப் பிடித்தாள். கடிக்கும் என்று நினைத்தாள். அது கடிக்கவில்லை. அவளுடைய சீலைக்குள் முகத்தை நுழைத்து நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுடைய வயிறுவரைக்கும் வந்தது. பிரேமிளா வெறுங்கையால் முள்ளை ஒவ்வொன்றாக விலக்கினாள். அவளுடைய கையும் கிழிந்தது.

பிரேமிளாவுக்குப் பின்னால், மண்வீட்டு நிழலில், ஒரு அலுமினியத் தட்டு இருப்பது வேலிக்குள்ளால் தெரிந்தது. தட்டில் தயிர்ச்சோறு. தயிர்ச்சோறு மட்டும்தான்.

“கோழி இல்லையோ?” சுதர்சினியின் வாய்க்குள் இருந்து அது தானாக வந்துவிட்டது.

“என்ன கோழி? அம்மாளின்ர கிழமையில ஆர் கோழி காய்ச்சுறது?”

“அப்ப ஏன் இது என்ர வீட்டை நிக்குதில்லை?”

பிரேமிளா இன்னொரு முள்ளை விலக்கினாள். கம்பியைக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

“உங்கட நிலத்து மருந்து மச்சாள். அந்த மணம் அதுக்கு மூக்கை எரிக்குது. வந்த அண்டைக்கே எனக்கு விளங்கினது.”

“விளங்கினா ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் மருந்து போடமாட்டியள். போடாட்டி அது உங்களோட நிண்டிடும்.” பிரேமிளா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். “அண்ணாவும் பிள்ளையும் வருகினம்தான். பொழுதுபட உங்கட வீட்டைதான் போகினம். ஆக்கள் வந்தாலும் சாமான் கட்டிக்கொண்டு போகினம். இது ஒண்டாவது என்ர வாசலில கிடக்கட்டும் எண்டு நினைச்சன்.”

சுதர்சினிக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. சந்தோசம்தான் வந்தது. இத்தனை வருசமாகத் தான் ஒருத்திதான் இந்த வேலிக்குப் பக்கத்தில் நின்று வெந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். அந்தப் பக்கத்திலும் ஒருத்தி நின்றிருக்கிறாள், தன் வீட்டைப் பார்த்து. அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பிரேமிளாவின் கையில் இருந்து இரத்தம் தட்டுப்பக்கமாகச் சொட்டுவதைக் கண்டாள். தன் சீலைத் தலைப்பைக் கிழித்துக் கம்பிக்கு மேலால் நீட்டினாள்.

போன் எடுத்துச் சொன்னதும் கோயிலுக்குப் போனவர்கள் சனத்துக்குள்ளால் எப்படியோ ஓடி வந்துசேர்ந்தார்கள். சர்மினி நாயைக் கண்டதும் அழத் தொடங்கினாள். இது எப்படி நடந்தது என்று அவளுடைய புருசன் கேட்டான். கனகலிங்கம் கம்பியைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். அவனுக்குக் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

சுதர்சினி வாய் திறக்குமுன் பிரேமிளா சொல்லிவிட்டாள்.

“பழைய கம்பி, தம்பி. ஓலைக்குள்ள கிடந்திருக்கு. ஒருத்தரும் கவனிக்கேல்லை.”

அதிலும் முந்திவிட்டாள். நாயைக் காப்பாற்றியவளும் அவளே, பழியை மறைத்து விட்டவளும் அவளே. இனிச் சாகும்வரை அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இந்த வேலிக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். அதை நினைத்ததும் சுதர்சினி எல்லாருக்கும் முன்னால் வந்தாள்.

“இல்லை,” என்றாள். “நான்தான் அடைச்சனான். இண்டைக்குத்தான் அடைச்சனான். நாய் அங்க போறது எனக்குப் பொறுக்கேல்லை.”

 குசினிக்குள் மோதகப் பானை கொதித்து அடியில் பிடிக்கிற மணம் வந்தது. சர்மினி அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அதிசயம்தான் கூட இருந்தது. ஒரு நாய்க்காக இப்படியும் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று நினைத்திருப்பாள். கனகலிங்கம் மட்டும் நாயைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, காருக்கு நட என்று சர்மினியின் புருசனுக்குச் சொன்னான்.

முள்ளியவளையில் மிருக வைத்தியரை வீட்டில் போய்ப் பிடித்து, தோளில் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குள் சுதர்சினி மாபிள் நிலத்தை வெறும் கிணற்றுத் தண்ணீரால் கழுவினாள். கழுவிவிட்டு நிலத்தில் முகத்தை வைத்து மணந்து பார்த்தாள். இன்னும் மணந்தது. திரும்பவும் கழுவினாள். காரால் இறக்கியபோது நாய் படியில் நின்று யோசித்தது. பிறகு வாசற்கதவு நிலையில், பாதி உடம்பு உள்ளுக்கும் பாதி வெளியிலுமாகப் படுத்தது. அதற்குமேல் வரவில்லை. அவளுக்கு அது போதும்போலவும் இருந்தது, போதாதுபோலவும் இருந்தது.

அடுத்தநாள் வெயில் ஏறுமுன் அவர்கள் புறப்பட்டார்கள். சர்மினி சாப்பாட்டுக்கு நன்றி சொன்னாள். காரை அடுத்த படலையில் நிறுத்தி, பிரேமிளாவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கதைத்தாள். இரண்டு படலையிலும் அவள் சொன்னது ஒன்றுதான்.

“போட்டு வாறம் அக்கா.”

எந்த வீட்டுக்கு வருவோம் என்று சொல்லவில்லை. சுதர்சினி காரின் புழுதி அடங்கும்வரை படலையில் நின்றாள்.

கம்பியைக் கனகலிங்கம் விடிய வெட்டி எடுத்திருந்தான். பொட்டு முன்பைவிடப் பெரிதாகக் கிடந்தது. சுதர்சினி கிணற்றடிக்குப் போனாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு கதியால் தலைமயிரைப் பிடித்து இழுத்தது. நுழைந்து நிமிர்ந்தபோது பிரேமிளா பாயில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  நகர்ந்து இடம் விட்டாள்.

சர்மினி கோயிலடியில் வாங்கி விட்டுப்போன பாலைப்பழம் ஒரு பையில் இருந்தது. இருவரும் தின்றார்கள். சாணம் மெழுகிய நிலத்தில் இருந்து ஒரு குளிர்ச்சி ஏறி வந்தது. ஏசி போட்டும் தன் அறையில் இப்படியொரு குளிர்ச்சி இல்லை என்று சுதர்சினிக்குத் தோன்றியது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“கை நோகுதோ?” என்று கேட்டாள்.

“இரவு நொந்தது. இப்ப இல்லை.”

சுதர்சினி ஒரு பழக்கொட்டையைத் துப்பினாள்.

“அடுத்தமுறை அதுகள் வந்தா ஆரின்ர வீட்டை விடுறது?” என்றாள் சுதர்சினி.

“அதுக்கிடையில என்ர கூரை வேய்ஞ்சு முடிஞ்சிடும்.”

“நான் இனி மருந்து போடமாட்டன்.”

“போடாதேங்கோ,” என்றாள் பிரேமிளா. “அது எந்தப் பக்கம் வருகுதெண்டு பாப்பம்.”

வேலிக்கு அந்தப் பக்கம், சுதர்சினியின் வீட்டு முற்றத்தில், செருப்புச் சத்தம் கேட்டது. ஓலை அசைந்தது. கனகலிங்கத்தின் தலை பொட்டுக்குள்ளால் வந்தது. வந்த தலை, மனைவியும் தங்கையும் ஒரே பாயில் உதடு ஒட்டிப்போய் இருப்பதைக் கண்டு, உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் அப்படியே நின்றது.

“தேத்தண்ணி…” என்றான்.

இருவரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள்.